எதிராளி பேசும்போது நடிப்பவர்கள்

கேள்வி இதுதான்: நாடகத்தில் ஊறியவர்கள் சினிமாவுக்கு வந்து முப்பது, நாற்பது வருடம் குணச்சித்திர வேடங்களில் நிலைத்தது எப்படி? மேடையில் கற்றதில் எது கேமரா முன்னால் கைகொடுக்கும், எது காலை வாரிவிடும்? இன்றைக்கு ஒரு குழுவில் நடித்துக்கொண்டே சினிமா வாய்ப்பும் தேடுகிறவர் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியை எல்லோரும் பார்த்திருப்போம். இன்னொரு தடவை போட்டு, இந்த முறை நாகேஷை விட்டுவிட்டு டி.எஸ். பாலையாவை மட்டும் பாருங்கள். அவருக்கு வசனம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. மகன் என்னமோ உளறப்போகிறான் என்ற அலட்சியத்தோடு உட்கார்ந்திருக்கும் பணக்கார அப்பா, கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்குள் மாட்டிக்கொள்கிறார். நாகேஷ் கதவு திறக்கிற சத்தம் எழுப்பினால், அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்பதை நமக்குக் காட்டுவது பாலையாவின் கண். அவர் பயப்படாவிட்டால் அது வெறும் மிமிக்ரி. குணச்சித்திர நடிகரின் தொழிலில் பாதி இதுதான்: எதிராளி பேசும்போது என்ன செய்கிறார் என்பது. மீதிப் பாதி தேதி, தாடி, டப்பிங், பாக்கித்தொகை. அதற்கும் வருகிறேன்.

கேட்பதை நடிப்பாக்கும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றால், பழைய நாடக கம்பெனிகளுக்குத்தான் போக வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை ஆரம்பித்தார். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி போன்றவையும் அதே வகை. பையன்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கி, சாப்பிட்டு, பாடம் பண்ணுவார்கள். அங்கே ராஜபார்ட்டுக்கு, அதாவது கதாநாயக வேடத்துக்கு, தகுதி குரல்தான். சுருதி சுத்தமாக, உச்சஸ்தாயியில் பாட வேண்டும். பதினான்கு பதினைந்து வயதில் மகரக்கட்டு உடைந்து குரல் மாறியது என்றால் ராஜபார்ட் பையனுக்கு வேடம் போய்விடும். பிறகு அவன் எங்கே போவான்? பாட்டு குறைவாகவும் வசனம் அதிகமாகவும் உள்ள வேடங்களுக்கு: கிழவன், வில்லன், மந்திரி, பபூன், நாயகனின் நண்பன். நம்முடைய குணச்சித்திர நடிகர் என்ற இனமே பெருமளவு இந்த உடைந்த தொண்டையிலிருந்து பிறந்தது என்று நான் சொல்வேன். பாட முடியாத குறையைப் பேச்சாலும் உடம்பாலும் ஈடுகட்டியவர்கள் இவர்கள்.

கம்பெனி இன்னொன்றையும் கொடுத்தது: வயதைக் கூட்டிக் காட்டும் பயிற்சி. மீசை முளைக்காத பையனுக்கு நரைத்த தாடியை ஒட்டி மேடையேற்றிவிடுவார்கள். வி.கே. ராமசாமி 'நாம் இருவர்' (1947) படத்தில் கிழவராக வந்தபோது அவருக்கு வயது இருபதை ஒட்டித்தான். அந்த வேடத்தை அவர் ஏற்கெனவே நாடகத்தில் போட்டுப் போட்டுப் பதம் பார்த்திருந்தார். பொடி தூவிய தலையும் கூனிய முதுகும் மட்டும் போதாது. முதியவர் எழுந்திருக்கும்போது முதலில் கையை ஊன்றுகிறாரா முழங்காலைப் பிடிக்கிறாரா, வாக்கியத்தின் எந்த இடத்தில் மூச்சு தீர்கிறது என்பதெல்லாம் முடிவாகியிருக்க வேண்டும். இளைஞர்கள் கிழவர் வேடத்தில் செய்யும் வழக்கமான தவறு, நடுக்கத்தை எல்லா இடத்திலும் ஒரே அளவில் வைப்பது. உண்மையில் முதியவரின் கை டம்ளரைத் தூக்கும்போது நடுங்கும், மடியில் கிடக்கும்போது பெரும்பாலும் நடுங்காது. வி.கே.ஆருக்கு இதில் ஒரு லாபமும் இருந்தது. இருபதில் கிழவரானவருக்கு அறுபதில் 'மார்க்கெட் போச்சு' என்ற பேச்சே கிடையாது.

பாலையாவின் பாதை வேறு. 1936இல் வந்த 'சதி லீலாவதி'தான் அவருக்கு முதல் படம். தமிழ் தெரியாத அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கியது, எம்.ஜி.ஆருக்கும் அதுவே அறிமுகம். பாலையா அதில் வில்லன். அடுத்த வருடம் 'அம்பிகாபதி'யில் தியாகராஜ பாகவதருக்கு எதிரியாக ருத்ரசேனன். அங்கிருந்து 'வேலைக்காரி' (1949)யில் நாயகனுக்குப் புத்தி சொல்லும் நண்பன் மணி, 'பாகப்பிரிவினை' (1959)யில் குடும்பத்தின் அண்ணன், 'திருவிளையாடல்' (1965) ஹேமநாத பாகவதர், 'பாமா விஜயம்' (1967) அப்பா, 'தில்லானா மோகனாம்பாள்' (1968) தவில் வித்வான். வரிசையைக் கவனித்தால், அவர் வில்லத்தனத்தைத் தூக்கி எறியவில்லை என்பது தெரியும். ஹேமநாத பாகவதரின் கர்வம் பழைய ருத்ரசேனனின் கர்வம்தான். அதைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டியதும் நகைச்சுவை ஆகிவிட்டது. ஆணவக்காரன் சறுக்கினால் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு தானாக வரும். வில்லன் முத்திரையிலிருந்து வெளியே வர நினைப்பவர்கள் திடீரென்று நல்லவராக நடிக்கப் பார்க்கிறார்கள், எடுபடுவதில்லை. அதே குணத்தைத் தோற்கும் இடத்தில் கொண்டுபோய் வைப்பதுதான் சுலபமான வழி.

அந்தத் தவிலையும் ஹேமநாதரின் பாட்டையும் பற்றி ஒரு வார்த்தை. பாடியது பாலமுரளி கிருஷ்ணா, உதடு பாலையாவுடையது. வாயசைப்பு பொருந்தினால் மட்டும் போதாது. கழுத்து நரம்பு, தாளம் போடும் கை, குரலை வேகமாகச் சுழற்றும் பிருகா முடிந்ததும் சபையைப் பார்க்கும் பார்வை எல்லாம் பாடுகிறவனுடையதாக இருக்க வேண்டும். கம்பெனியில் இசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உடம்பிலேயே இருந்தது. இப்போது வருகிறவர்கள் வாத்தியம் வாசிக்கும் வேடம் என்றால் குறைந்தது உட்காரும் விதம், வாத்தியத்தைத் தூக்கி வைக்கும் விதம் இரண்டையாவது ஒரு வித்வானிடம் போய்ப் பார்த்துக்கொள்வது நல்லது. ஷாட்டில் பொய் வெளியாவது வாசிக்கும்போது அல்ல, வாசித்து முடித்து வாத்தியத்தைக் கீழே வைக்கும்போது.

அடுத்து வந்தவர்கள் ஆபீஸ் முடிந்து நாடகம் போட்டவர்கள். சபா நாடகக் காலம். கே. பாலசந்தரின் நாடகத்தில் பார்வையில்லாத ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரியாக நடித்த சுந்தர்ராஜன், அது 1966இல் படமானபோதும் அதே வேடம் போட்டு, ஆயுள் முழுக்க 'மேஜர்' சுந்தர்ராஜன் ஆனார். பூர்ணம் விஸ்வநாதன் டெல்லி அகில இந்திய வானொலியில் செய்தி வாசித்தவர். 1947இல் சுதந்திரச் செய்தியைத் தமிழில் சொன்ன குரல் அவருடையது. டெல்லி கணேஷ் பத்து வருடம் விமானப்படையில் இருந்துவிட்டு, டெல்லியில் தமிழ் நாடகம் போட்டு, சென்னையில் காத்தாடி ராமமூர்த்தி குழுவுக்கு வந்து, 1977இல் 'பட்டினப் பிரவேச'த்தில் சினிமாவுக்குள் நுழைந்தார்.

சபா நாடகத்தில் ஒரு தொழில்நுட்ப விவகாரம் உண்டு. சினிமாவுக்குப் போகிறவர்களின் பாதிப் பிரச்சினை அதிலிருந்து வருகிறது. மேடையின் முன்விளிம்பில் மேலிருந்து நான்கைந்து மைக் தொங்கும். பேச வேண்டியவர் மைக்குக்குக் கீழே வந்து நின்று, முகத்தைக் கூட்டத்தின் பக்கம் வைத்து, வசனத்தைச் சொல்லி, சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, அடுத்ததைத் தொடர வேண்டும். சிரிப்பு அடங்குவதற்குள் பேசினால் அடுத்த வசனம் மூழ்கிவிடும். காத்திருக்கும் அந்த இரண்டு மூன்று விநாடி மேடையில் தங்கம். படப்பிடிப்பில் சிரிக்க யாருமில்லை. ஆனாலும் பழக்கதோஷத்தில் நடிகர் நிறுத்துகிறார். எடிட்டிங்கில் அந்த இடைவெளியை மூட எதிராளியின் ரியாக்‌ஷனுக்கு வெட்டுவார்கள். முடிவில் நீங்கள் சொன்ன நகைச்சுவைக்கு இன்னொருவர் முகம்தான் திரையில் இருக்கும். தன் முகம் படத்தில் தங்க வேண்டும் என்று நினைக்கிறவர் முதலில் விட வேண்டியது இந்தக் காத்திருப்பை. அடுத்து, எதிராளியைப் பார்க்காமல் முன்பக்கம் பார்த்துப் பேசும் வழக்கத்தை.

மேடை ஆட்கள் உண்மையில் தடுமாறும் இடம் க்ளோஸ் அப். 'குறைத்து நடி' என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் பிரயோசனம் இல்லை, ஏனென்றால் எதைக் குறைப்பது என்று யாரும் சொல்வதில்லை. கணக்காகச் சொல்கிறேன். 85 எம்எம் லென்ஸ், அப்பர்ச்சர் 2.8, நடிகர் ஆறடி தூரத்தில். இந்த நிலையில் ஃபோகஸ் நிற்கும் ஆழம் முன்பின் சேர்த்து ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். அதாவது ஆவேசத்தில் கழுத்தை மூன்று அங்குலம் முன்னால் நீட்டினால் உங்கள் கண் மங்கிவிடும். ஃபோகஸ் பார்க்கும் உதவி ஒளிப்பதிவாளர் டேப் பிடித்து அளந்தது நீங்கள் ஒத்திகையில் நின்ற இடத்துக்கு. அதனால் குறைக்க வேண்டியது உணர்ச்சியை இல்லை, தலையின் பயணத்தை. உணர்ச்சி முழு வேகத்தில் ஓடட்டும், மண்டை மட்டும் நிற்கட்டும். முன்னால் சாய்ந்தே ஆக வேண்டும் என்றால் ஒத்திகையிலேயே சாய்ந்து காட்டுங்கள், அவர் அதற்கும் அளந்துகொள்வார்.

ஷாட் எடுக்கும் வரிசையும் தெரிந்திருக்க வேண்டும். வழக்கமாக முதலில் மாஸ்டர், அதாவது எல்லோரும் தெரியும் அகலமான ஷாட், பிறகு சஜஷன், அதாவது எதிராளியின் தோளுக்குப் பின்னாலிருந்து எடுப்பது, கடைசியில் க்ளோஸ். இதில் நாயகனின் பக்கம் முதலில் முடியும். லைட்டைத் திருப்பிப் போட்டு உங்கள் பக்கம் வரும்போது மாலை ஐந்தரை ஆகியிருக்கும், ஆறு மணிக்குக் கால்ஷீட் முடிகிறது என்று மேனேஜர் வாசலில் நிற்பார். மேடையில் ஒரே மூச்சில் அழுது முடித்துப் பழகியவர் மாஸ்டரிலேயே எல்லாக் கண்ணீரையும் கொட்டிவிடுவார். க்ளோஸ் வரும்போது கண் வறண்டு கிளிசரின் கேட்பார். ஆகவே மாஸ்டரில் அசைவுகளைச் சுத்தமாகச் செய்து, அழுகையைச் சேமித்து வையுங்கள். நாயகன் கிளம்பிப் போயிருந்தால், கேமராவுக்குப் பக்கத்தில் நின்று உதவி இயக்குநர் அவர் வசனத்தைத் தட்டையாக வாசிப்பார். அந்தக் குரலை நம்பி நடிக்காமல், மாஸ்டரில் நாயகன் சொன்ன தொனியை மனதில் வைத்திருந்து அதற்குப் பதில் சொல்ல வேண்டும். கேட்கும் பயிற்சி இங்கேயும் வந்து நிற்கிறது.

கண்டின்யூட்டி பற்றிச் சுருக்கமாக: மாஸ்டரில் காபி டம்ளரை எந்த வார்த்தையில் எடுத்தீர்களோ, க்ளோஸிலும் அதே வார்த்தையில் எடுக்க வேண்டும். உதவி இயக்குநர் குறித்து வைப்பார்தான், ஆனால் அவருக்கு வேறு பத்து வேலை. பொருந்தாத டேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எடிட்டர் எடுக்கமாட்டார். ஒரு காட்சியில் கையில் எத்தனை பொருள் வைத்துக்கொள்கிறோமோ அத்தனை வம்பு.

ஃபிலிம் காலத்தில் இந்தக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. 35 எம்எம்மில் 400 அடி ரோல் ஏறத்தாழ நாலரை நிமிடம் ஓடும். டேக் வாங்கினால் காசு எரிகிறது என்று அர்த்தம். நாடகக்காரர்களைத் தயாரிப்பாளர்களுக்குப் பிடித்ததற்கு இது ஒரு பச்சையான காரணம்: பாடம் நெட்டுரு, முதல் டேக்கிலேயே ஓகே.

குரல் விஷயத்தில் மூன்று கட்டம் நடந்திருக்கிறது. ஆரம்பத்தில் ஸ்டூடியோ ஃப்ளோரில் நடிக்கும்போதே ஒலிப்பதிவு. கம்பெனித் தொண்டைகளுக்கு அது சொந்த வீடு. பிறகு கேமரா கிராமத்துக்கும் தெருவுக்கும் போனது. ஆரிஃப்ளெக்ஸ் 2சி மாதிரிக் கேமராக்கள் கடகடவென்று சத்தம் போடும், சுற்றுப்புறச் சத்தம் வேறு. எல்லாவற்றையும் பின்னால் டப்பிங்கில் பேசினார்கள். அதனால் பிராம்ப்டிங் என்ற வழக்கம் வேரூன்றியது. உதவி இயக்குநர் கேமராவுக்கு வெளியே நின்று வரியைச் சொல்லிக்கொடுக்க, நடிகர் அதைத் திருப்பிச் சொல்வார். காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்கிறவரின் கண்ணில் ஒரு காத்திருப்பு தெரியும். அடுத்த வரி வரட்டும் என்ற காத்திருப்பு. நல்ல நாடக நடிகர் பிராம்ப்டரைச் சும்மா இருக்கச் சொல்லிவிடுவார். 'விருமாண்டி' (2004) போல நேரடி ஒலிப்பதிவில் எடுக்கும் படங்களில் பிராம்ப்டிங்குக்கே இடமில்லை. அதில் பசுபதியும், மேடையிலிருந்து வந்த எஸ்.என். லட்சுமியும் பேசுவதைக் கேட்டால் மூச்சோடு சேர்ந்த வசனம் எப்படி இருக்கும் என்று புரியும்.

டப்பிங்கில் செய்யும் தவறு, உதட்டை மட்டும் துரத்துவது. திரையில் அந்த ஆள் படியேறி வந்து பேசுகிறார். மைக் முன்னால் நீங்கள் நிம்மதியாக நின்று பேசுகிறீர்கள். உதடு பொருந்தும், ஆள் பொருந்தமாட்டார். வரிக்கு முன்னாலுள்ள மூச்சையும் சேர்த்துப் பதிவு செய்யக் கேளுங்கள். படப்பிடிப்பில் தும்மல், செருமல், முனகல் என்று வசனத்தாளில் இல்லாததைச் செய்திருந்தால், டப்பிங் அன்றைக்கு நினைவிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாய் அசைந்து சத்தம் வராத ஒரு பொம்மை திரையில் இருக்கும். பைலட் ட்ராக்கை, அதாவது படப்பிடிப்பின்போதே பதிவான ஒலியை, ஒருமுறை முழுதாகக் கேட்டுவிட்டு ஆரம்பிப்பது இதற்காகத்தான்.

நா. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து வந்தவர்களின் பாணி சபாக்காரர்களுக்கு நேர் எதிர். தெருக்கூத்தைத் துணையாக வைத்து உடம்பிலிருந்து தொடங்கும் பயிற்சி. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லாம் அங்கே உருவானவர்கள். 'சார்பட்டா பரம்பரை' (2021) படத்தில் பசுபதியின் ரங்கன் வாத்தியாரைப் பாருங்கள்: நிற்கும் விதத்திலேயே ஒரு குத்துச்சண்டைக்காரனின் முப்பது வருடம் தெரிகிறது. சபாவிலிருந்து வருகிறவருக்கு வசனம் வரும், கை எங்கே வைப்பதென்று தெரியாது. பட்டறையிலிருந்து வருகிறவருக்குக் கையும் காலும் பேசும். 'சார், காபி கொண்டு வரவா?' என்ற சாதாரண வரிதான் சிரமம், அதற்கும் உடம்பை இறுக்கிவிடுவார். இரண்டு பேருக்கும் மருந்து மற்றவரின் பள்ளியில் இருக்கிறது.

இனி காசும் தேதியும். குணச்சித்திர நடிகருக்கு ஒன்று நாள் கணக்கில் சம்பளம், அல்லது முழு வேடத்துக்கு ஒரு தொகை. முழுத்தொகை என்றால் எத்தனை நாள் என்ற எண்ணை வாங்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். பன்னிரண்டு நாள் என்று ஆரம்பித்தது இருபத்தைந்து ஆகலாம், தொகை மாறாது. பாக்கியை டப்பிங்குக்கு முன்னால் வாங்கிக்கொள்வது எழுதப்படாத சட்டம். உங்கள் குரல் கிடைத்த பிறகு உங்களால் அவர்களுக்கு ஆக வேண்டியது எதுவும் இல்லை.

காம்பினேஷன் என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நாயகன், நாயகி, நீங்கள் மூவரும் ஒன்றாக வரும் காட்சிக்கு மூவர் தேதியும் ஒத்துவர வேண்டும். நாயகன் தேதி மாறினால் எல்லாம் மாறும், உங்களைக் கேட்கமாட்டார்கள். ஆனால் நீங்கள் தனியாக வரும் காட்சி, வீட்டு வேலைக்காரரோடு பேசும் காட்சி இவற்றை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். நாடகம் உள்ள வாரத்தில் இப்படிப்பட்ட காட்சிகளைத் தள்ளச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துழைப்பார்கள். காம்பினேஷன் காட்சியைத் தள்ளச் சொன்னால் வேடமே தள்ளிப்போகும்.

மாலைக் காட்சி நாடகமும் காலை ஒன்பதிலிருந்து ஆறுவரைக் கால்ஷீட்டும் காகிதத்தில் ஒத்துப்போகும், சாலையில் ஒத்துப்போகாது. அவுட்டோர் என்றால் பேச்சே வேண்டாம். சினிமாவுக்குப் போகிறவர் குழுவுக்குச் செய்ய வேண்டிய மரியாதை, தன் வேடத்துக்கு இன்னொருவரைத் தயார்செய்து நாலைந்து காட்சிகள் மேடையேற்றிவிட்டுப் போவது. கடைசி நேரத்தில் ஃபோன் செய்து வரமுடியாது என்கிறவரைக் குழு ஒருமுறை மன்னிக்கும்.

தாடியும் தலைமுடியும் தேதியைவிடப் பெரிய தலைவலி. ஒரு படத்தில் பத்து நாள் தாடி, இன்னொன்றில் மழித்த முகம் என்று ஒரே மாதத்தில் ஒத்துக்கொண்டால் ஏதோ ஒன்றில் ஒட்டுத்தாடிதான். அது க்ளோஸில் கன்னத்து ஓரத்தில் காட்டிக்கொடுக்கும். முதல் நாளே நான்கு பக்கமும் புகைப்படம் எடுத்து வைத்து, தாடியின் நீளத்தையும் சாயத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே காட்சியின் மறுபாதிக்குக் கூப்பிடுவார்கள்.

முத்திரை விழுவது தவிர்க்க முடியாதது. அப்பாவாக ஓடினால் பத்து அப்பா வரும். டெல்லி கணேஷ் இதைக் கையாண்ட விதம் பார்க்கத் தகுந்தது: 'நாயகன்' (1987) அய்யர், 'அபூர்வ சகோதரர்கள்' (1989) வில்லன்களில் ஒருவர், 'மைக்கேல் மதன காம ராஜன்' (1990) பாலக்காட்டுச் சமையல்காரர். நான்கே வருடத்துக்குள் ஒரே நாயகனுக்குத் துணையாகவும் எதிரியாகவும் அப்பாவாகவும் இருந்தார். மூன்றிலும் மாறியது முதலில் பேச்சின் நடை. மேக்கப்பைவிட வட்டார வழக்கு நம்பகமான முகமூடி என்பதற்கு இந்த மூன்றும் போதும்.

பெண்களுக்கு இந்தத் தொழில் நியாயமாக நடந்துகொண்டதில்லை. ஆணுக்கு முப்பத்தைந்திலிருந்து அறுபதுவரை நண்பன், அதிகாரி, வில்லன், அப்பா என்று படிகள் உண்டு. பெண்ணுக்கு அக்கா முடிந்ததும் நேராக அம்மா, இடையில் ஏணியே இல்லை. மேடையில் கதாநாயகியாக வசனம் பேசிப் பேர் வாங்கிய மனோரமா, 1958இல் 'மாலையிட்ட மங்கை'யில் நகைச்சுவை வேடத்தில் வந்து அந்த இடைவெளியையே தாண்டிவிட்டார். நகைச்சுவைக்கு வயது கேட்கமாட்டார்கள். பிறகு அழவைக்கும் அம்மாக்களைச் செய்தபோது சிரிக்கவைத்த அதே ஆச்சி அழுகிறாள் என்பதே அந்தக் காட்சிகளுக்குக் கனம் கூட்டியது.